நாடற்றோர் வரலாறு – 11: லாட்வியாவின் ஊதா நிறக் கடவுச்சீட்டு

இருபதாம் நூற்றாண்டில் மக்கள் நாடற்றவர்களானது பெரும்பாலும் போராலோ, எல்லைகள் நகர்ந்ததாலோ, ஓர் அரசு தன் மக்களில் ஒரு பகுதியினரை வேண்டாதவர்கள் என்று தள்ளியதாலோ நிகழ்ந்தது என்பதை இத்தொடரின் முந்தைய பகுதிகள் விரிவாகப் பேசின. பால்டிக் கடலோரத்து லாட்வியாவில் நிகழ்ந்தது இவற்றிலிருந்து வேறானது. அங்கே ஒரு நாட்டின் விடுதலையே அந்நாட்டில் வாழ்ந்த லட்சக்கணக்கானவர்களின் குடியுரிமையைக் கேள்விக்கு உள்ளாக்கியது. 1991இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுபட்ட லாட்வியா, தன் மண்ணில் நிரந்தரமாக வாழ்ந்துகொண்டிருந்தவர்களில் ஏறத்தாழ 7 லட்சம் பேரை, அதாவது மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டவர்களை, குடிமக்கள் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. அவர்களை நாடு கடத்தவுமில்லை, அயல்நாட்டவர் என்று அறிவிக்கவுமில்லை. ‘குடிமகனல்லாதவர்’ என்ற புதியதொரு சட்ட நிலையை அவர்களுக்கென்றே உருவாக்கியது. அந்த நிலை எப்படிப் பிறந்தது, சிறுபான்மையினர் உரிமை என்ற கோட்பாட்டோடு அது எங்கே மோதியது என்பவையே இப்பகுதியின் பொருள்.

லாட்வியர்களின் அச்சத்தை அறியாமல் அவர்கள் இயற்றிய சட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது. 1918 நவம்பர் 18 அன்று குடியரசாக அறிவிக்கப்பட்டு, 1922இல் தனக்கென ஓர் அரசமைப்பை ஏற்ற அந்த நாட்டுக்கு இருபத்திரண்டு ஆண்டுகளே சுதந்திரம் வாய்த்தது. 1940 ஜூன் 17 அன்று சோவியத் படைகள் நுழைந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடு சோவியத் ஒன்றியத்தோடு இணைக்கப்பட்டது. 1941 ஜூன் 14 அன்று ஏறத்தாழ 15,000 பேர் குடும்பங்களோடு பிடிக்கப்பட்டு சைபீரியாவுக்கும் பிற தொலைநிலங்களுக்கும் அனுப்பப்பட்டனர். இடையில் மூன்று ஆண்டுகள் ஜெர்மானிய ஆக்கிரமிப்பு வந்து போனது. அக்காலத்தில் லாட்விய யூதர்களில் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். சோவியத் ஆட்சி திரும்பிய பின் 1949 மார்ச் 25 அன்று தொடங்கிய இரண்டாவது பெரும் நாடுகடத்தலில் 42,000 பேருக்கும் மேல் சரக்கு ரயில் பெட்டிகளில் ஏற்றப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ஆவர். ஒரு பத்தாண்டுகூட நிறைவதற்குள் ஒரு சிறிய இனம் இத்தனையையும் பட்டது.

நாடுகடத்தலும் போரும் வெறுமையாக்கிய இடங்களைத் தொழில்மயமாக்கல் நிரப்பியது. ரீகாவில் வானொலிப் பெட்டிகளும் தொலைபேசிக் கருவிகளும் செய்த வெஃப் தொழிற்சாலை, மின்தொடர் வண்டிகளைக் கட்டிய ரயில்பெட்டித் தொழிற்சாலை, யெல்கவாவில் சிற்றுந்து தயாரித்த ராஃப், ஒலைனேவின் வேதிப்பொருள் ஆலைகள் ஆகியவை ரஷ்யா, பெலாரஸ், உக்ரைன் முதலிய பகுதிகளிலிருந்து தொழிலாளர்களைப் பெருமளவில் ஈர்த்தன. போருக்கு முன் மக்கள்தொகையில் முக்கால் பங்காக இருந்த லாட்வியர்கள் 1989 கணக்கெடுப்பில் 52 சதவீதமாகச் சுருங்கினர். ரஷ்யர்கள் 34 சதவீதமாயினர். தலைநகர் ரீகாவில் லாட்வியர்கள் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே இருந்தனர். ஆலை, அலுவலகம், இராணுவம், ரயில்வே ஆகிய எல்லாவற்றிலும் ரஷ்ய மொழியே புழங்கியதால் லாட்வியர் இரு மொழி பேசினர். வந்து குடியேறிய ரஷ்யர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கே லாட்விய மொழி அறிந்திருந்தனர். வந்தவர்கள் தங்களைப் படையெடுப்பாளர்களாகக் கருதவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரே நாடு என்று தாங்கள் நம்பிய பரப்புக்குள் வேலையும் குடியிருப்பும் தேடி இடம்பெயர்ந்த உழைப்பாளிகள் அவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் ரீகாவிலும் டௌகவ்பில்ஸிலும் பிறந்து வளர்ந்தனர்.

1988 அக்டோபரில் உருவான லாட்விய மக்கள் முன்னணி விடுதலைக் கோரிக்கையை முன்னெடுத்தபோது, குடியுரிமை பற்றி இரண்டு போக்குகள் எதிரெதிராக நின்றன. லாட்வியாவோடு தம் வாழ்வைப் பிணைத்துக்கொண்டு குடியுரிமை விரும்பும் நிரந்தரவாசிகளுக்கு அது வழங்கப்பட வேண்டும் என்று மக்கள் முன்னணி 1989இல் தன் வேலைத்திட்டத்தில் அறிவித்தது. அதற்கு மாறாக, குடிமக்கள் குழுக்கள் என்ற அமைப்பினர் 1940க்கு முந்தைய குடியரசின் குடிமக்களையும் அவர்களின் வழித்தோன்றல்களையும் மட்டுமே ஊர் ஊராகப் பதிவு செய்து, சட்டப்படி நாட்டுக்கு உரியவர்கள் அவர்களே என வாதிட்டனர். 1991 மார்ச் 3 அன்று நடந்த வாக்கெடுப்பில், சனநாயகமும் சுதந்திரமும் கொண்ட லாட்வியாவை ஆதரிக்கிறீர்களா என்ற கேள்விக்குச் சோவியத் குடிமக்களாகப் பதிவாகியிருந்த நிரந்தரவாசிகள் அனைவரும் வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தனர். ஏறத்தாழ 74 சதவீதம் பேர் ஆம் என்றனர். லாட்வியர்கள் பாதியைச் சற்றே தாண்டியிருந்த நாட்டில் இந்த அளவு ஆதரவு ரஷ்ய மொழியினரில் கணிசமானோரின் வாக்கில்லாமல் கிடைத்திருக்க இயலாது. அவ்வாறு வாக்களித்தவர்களுள் பலர், ஏழே மாதங்களில், தாம் வாக்களித்துப் பெற்ற நாட்டின் குடிமக்கள் அல்லர் என்பதை அறிந்தனர்.

1991 அக்டோபர் 15 அன்று லாட்வியாவின் உச்சப் பேரவை நிறைவேற்றிய தீர்மானம், 1940 ஜூன் 17 அன்று லாட்வியக் குடிமக்களாக இருந்தவர்களுக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் குடியுரிமையை மீட்டளித்தது. இதன் அடித்தளம் அரசின் சட்டத் தொடர்ச்சி என்ற கோட்பாடு. ஒரு நாடு சட்டத்துக்குப் புறம்பாக ஆக்கிரமிக்கப்பட்டால், அந்த ஆக்கிரமிப்பு எத்தனை பத்தாண்டுகள் நீடித்தாலும் அந்த அரசு சட்டத்தின் கண்ணில் அழிந்துவிடுவதில்லை என்பதும், விடுதலை என்பது புதிய அரசின் பிறப்பன்று, பழைய அரசு மீண்டும் செயல்படத் தொடங்குவதே என்பதும் அதன் சாரம். சோவியத் இணைப்பை அமெரிக்கா 1940 ஜூலையிலேயே ஏற்க மறுத்து அறிவித்தது. மேற்கு நாடுகள் பலவும் அந்த நிலையில் நின்றன. ஆகவே 1991இல் லாட்வியா புதிய குடிமக்களைத் தேர்ந்தெடுக்கவில்லை, இருந்த குடிமக்களையே அடையாளம் கண்டது என்று அதன் சட்ட வல்லுநர்கள் விளக்கினர். அனைவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உச்சப் பேரவைக்குப் புதிதாகக் குடியுரிமை வழங்கும் அதிகாரம் கிடையாது, பழைய குடிமக்கள் தேர்ந்தெடுக்கும் சைமா என்ற நாடாளுமன்றமே அதைச் செய்ய முடியும் என்றும் கூறப்பட்டது.

தாளில் இந்தக் கோடு இன அடிப்படையில் வரையப்படவில்லை என்பது உண்மை. பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே லாட்கலே பகுதியில் வாழ்ந்துவந்த, பழைய சமயநெறி என்ற பிரிவைச் சேர்ந்த ரஷ்யர்களின் வழித்தோன்றல்கள் தேர்வு எதுவும் எழுதாமலே குடிமக்களாயினர். ஆனால் வெளியே நின்றவர்கள் பெரும்பாலும் ரஷ்யர், பெலாரஸியர், உக்ரைனியர் என்பதால் நடைமுறையில் அது இனக்கோடாகவே அமைந்தது. தொடர்ச்சிக் கோட்பாடு அரசைப் பொறுத்தவரை நியாயமானது. ஆக்கிரமிப்பைக் காலம் கடந்துவிட்டது என்பதாலேயே சட்டமாக ஏற்க எந்த நாட்டையும் நிர்ப்பந்திக்க முடியாது. ஆனால் அரசுக்குப் பொருந்தும் கோட்பாடு தனிமனிதர்களின் வாழ்வுக்கும் அப்படியே பொருந்திவிடாது. ஸ்டாலின் ஆட்சி செய்த குற்றத்தின் கணக்கை, அந்த ஆட்சி முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின் ரீகாவில் பிறந்த ஒரு தச்சரின் மகளிடமோ செவிலியின் மகனிடமோ தீர்க்க முற்பட்டதே இந்த ஏற்பாட்டின் மையத் தவறு. அண்டை நாடான லிதுவேனியாவும் அதே ஆக்கிரமிப்பைச் சந்தித்ததுதான். அங்கே 1989 நவம்பரில் இயற்றப்பட்ட சட்டம், நிரந்தரமாக வாழ்ந்த அனைவரும் விரும்பினால் குடிமக்களாகலாம் என்று வழிவிட்டது. லிதுவேனியர்கள் அந்நாட்டில் ஐந்தில் நான்கு பங்காக இருந்ததால் அவர்களுக்கு அது எளிதாயிற்று என்பதை மறுக்க இயலாது. என்றாலும் வேறு வழி இருந்தது என்பதற்கு அது சான்று.

1993 ஜூனில் குடிமக்கள் மட்டும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சைமா, அடுத்த ஆண்டு குடியுரிமைச் சட்டத்தை எடுத்துக்கொண்டது. முதலில் நிறைவேற்றிய வடிவில் ஆண்டுதோறும் மிகச் சிறிய எண்ணிக்கையினருக்கே குடியுரிமை வழங்கும் ஒதுக்கீட்டு வரம்பு இருந்தது; அவ்வாறே நடந்திருந்தால் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் குடிமக்களாகியிருக்க மாட்டார்கள். ஐரோப்பிய மன்றமும், ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் தேசிய சிறுபான்மையினருக்கான உயர் ஆணையர் மாக்ஸ் வான் டெர் ஸ்டூலும் எதிர்ப்புத் தெரிவித்த நிலையில், குடியரசுத் தலைவர் குந்திஸ் உல்மானிஸ் அதைத் திருப்பி அனுப்பினார். 1994 ஜூலை 22 அன்று நிறைவேறிய திருத்த வடிவம் ஒதுக்கீட்டைக் கைவிட்டு, ‘சாளரம்’ எனப்பட்ட முறையைக் கொண்டுவந்தது. வயதுப் பிரிவுகளுக்கு ஆண்டுவாரியாகச் சாளரங்கள் திறக்கும். லாட்வியாவில் பிறந்த 16 முதல் 20 வயதினர் 1996இல் விண்ணப்பிக்கலாம், வெளியே பிறந்த முதியவர்கள் 2003 வரை காத்திருக்க வேண்டும். லாட்விய மொழியிலும் வரலாற்றிலும் அரசமைப்பிலும் தேர்வெழுதி, நாட்டுப்பண்ணை அறிந்து, விசுவாச உறுதிமொழியில் கையொப்பமிடுவோரே குடியுரிமை பெறுவர். சோவியத் ஆட்சியில் பணியாற்றி ஓய்வுபெற்ற தொழிலாளிக்கு, அதுவரை தேவைப்படாத மொழியில் எழுத்துத் தேர்வு என்பது எளிய தடையன்று.

அதுவரை அவர்கள் யார் என்ற கேள்விக்கு 1995 ஏப்ரல் 12 அன்று இயற்றப்பட்ட சட்டம் விடை தந்தது. வேறெந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாத முன்னாள் சோவியத் குடிமக்களின் நிலை பற்றிய அச்சட்டம் அவர்களைக் குடிமகனல்லாதவர் என்று வகைப்படுத்தியது. 1997 முதல் அவர்களுக்கு ஊதா நிற அட்டையிட்ட தனிக் கடவுச்சீட்டு வழங்கப்பட்டது. அதை வைத்திருப்பவர் விசா இன்றி லாட்வியாவில் வாழலாம். அவரை நாடுகடத்த முடியாது. அயல்நாட்டில் இடர்ப்பட்டால் லாட்வியத் தூதரகம் உதவும். ஆனால் நாடாளுமன்றத் தேர்தலிலோ உள்ளாட்சித் தேர்தலிலோ அவர் வாக்களிக்க முடியாது. நீதிபதியாகவோ அரசு வழக்கறிஞராகவோ காவலராகவோ தீயணைப்பு வீரராகவோ நோட்டரியாகவோ பணியேற்க முடியாது. 2005இல் வந்த ஒரு தீர்ப்பில் லாட்விய அரசமைப்பு நீதிமன்றம், இவர்கள் குடிமக்களும் அல்லர், அயல்நாட்டவரும் அல்லர், நாடற்றவரும் அல்லர், சர்வதேசச் சட்டம் அதுவரை அறிந்திராத தனி வகையினர் என விளக்கியது. நாடற்றவர் என்ற சொல்லுக்குச் சர்வதேச ஒப்பந்தங்கள் தரும் பொருள், எந்த நாடும் தன் சட்டப்படி தன் குடிமகனாகக் கருதாதவர் என்பதே. அந்த வரையறையை அருகில் வைத்துப் பார்த்தால், இந்தத் தனி வகை என்ற விளக்கம் உரிமைகள் சிலவற்றைக் காத்ததே தவிர, உண்மை நிலையை மாற்றவில்லை. அதே 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பிற நாடுகளிலிருந்து வந்து ரீகாவில் குடியிருப்போர் நகராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாயினர்; ரீகாவிலேயே பிறந்து ஐம்பது ஆண்டு வாழ்ந்த ஊதாச் சீட்டுக்காரருக்கு அந்த வாக்கு இல்லை.

வாக்கு மட்டுமே அவர்கள் இழந்தது என்று கருதுவோருக்கு, ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009 பிப்ரவரி 18 அன்று தீர்ப்பளித்த ஆந்திரேயெவா எதிர் லாட்வியா வழக்கு மறுமொழியாகும். கஜகஸ்தானில் பிறந்து, 1954இல் சிறுமியாக லாட்வியா வந்த வழக்காளி, ஒலைனேயில் இருந்த வேதிப்பொருள் வளாகத்தில் வேலை செய்தார். 1973 முதல் 1990 வரை அவருடைய பணிப்பிரிவு நிர்வாகரீதியாகக் கீவ் நகரிலும் பின்னர் மாஸ்கோவிலும் தலைமையகம் கொண்ட நிறுவனங்களின் கீழ் வைக்கப்பட்டிருந்தது. அவர் உட்கார்ந்து வேலை செய்த இடம் மாறவில்லை. ஊதியச் சீட்டில் இருந்த நிறுவனத்தின் பெயரே மாறியது. 1997இல் ஓய்வூதியம் கணக்கிடப்பட்டபோது, அந்தப் பதினேழு ஆண்டு உழைப்பு லாட்வியாவுக்கு வெளியே உள்ள நிறுவனத்துக்குச் செய்தது என்று கழிக்கப்பட்டது. அதே நிலையில் இருந்தவர் குடிமகனாயின் அந்த ஆண்டுகள் கணக்கில் சேரும். இந்த வேறுபாட்டுக்குக் குடியுரிமை ஒன்றே காரணம் என்பதால் அது பாகுபாடு என்று பெருந்தீர்ப்பாயம் முடிவு செய்தது. வேறெந்த அரசோடும் அவருக்குத் தொடர்பில்லை, லாட்வியா ஒன்றே அவருக்குப் பொறுப்பான அரசு என்ற தீர்ப்பின் கருத்தே இந்த வரலாறு முழுமைக்குமான சரியான அளவுகோல். ஆனால் நீதிமன்றம் அதில் நிலைத்து நிற்கவில்லை. லாட்வியாவுக்கு வெளியே சோவியத் பகுதிகளில் உழைத்த ஆண்டுகள் பற்றிய சவிக்கிஸ் வழக்கில், 2022 ஜூன் 9 அன்று, ஆக்கிரமிப்பின் வரலாற்றுச் சூழலை எடைபோட்டு, 10க்கு 7 என்ற பெரும்பான்மையில் உரிமை மீறல் இல்லை என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி, சிறுபான்மையினர் என்போர் யார் என்ற வரையறைக்கு வர வேண்டும்; மிகப் பெரிய சிக்கல் இருப்பது இங்கேதான். ஐக்கிய நாடுகள் அவைக்காக இத்தாலியச் சட்ட அறிஞர் ஃபிரான்செஸ்கோ கபோடோர்ட்டி 1970களில் தயாரித்த ஆய்வு, சிறுபான்மையினர் என்பதற்குத் தந்த வரையறையில் அவர்கள் அந்நாட்டுக் குடிமக்களாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. பல அரசுகளுக்கு அது வசதியாயிற்று. ஆனால் குடிமை, அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு, சிறுபான்மையினர் தம் பண்பாட்டையும் சமயத்தையும் மொழியையும் பேணும் உரிமையைச் சொல்லும்போது குடிமகன் என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. இப்பிரிவின் பாதுகாப்புக்கு ஒருவர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோகூட இருக்கத் தேவையில்லை என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 1994இல் தன் 23ஆம் பொதுக் கருத்துரையில் விளக்கிவிட்டது. ஐரோப்பிய மன்றத்தின் தேசிய சிறுபான்மையினர் பாதுகாப்புக்கான சட்டக ஒப்பந்தமோ வரையறை எதையும் தராமல் அதை ஒவ்வோர் அரசின் கையிலும் விட்டது. லாட்வியா 1995இல் அதில் கையெழுத்திட்டாலும் 2005இல்தான் உறுதிப்படுத்தியது. அப்போது சேர்த்த அறிவிப்பில், தேசிய சிறுபான்மையினர் என்போர் பல தலைமுறைகளாக லாட்வியாவில் வாழ்ந்துவரும் குடிமக்களே என்றும், குடிமகனல்லாதவர்களும் சட்டம் விலக்காத அளவில் அந்த உரிமைகளைப் பயன்படுத்தலாம் என்றும் கூறியது. எஸ்தோனியாவின் அறிவிப்பு குடிமக்களுக்கு மட்டுமே என்று இன்னும் இறுக்கமாக நின்றது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு மொழியும் பள்ளியும் பண்பாடுமாவது மிஞ்ச வேண்டும் என்று கருதும்போது, அவற்றுக்கான நுழைவாயிலிலும் குடியுரிமையையே கேட்பது ஒரே இழப்பை இரண்டு முறை சுமத்துவதாகும். ஐரோப்பிய மன்றத்தின் சட்ட ஆலோசனை அமைப்பான வெனிஸ் ஆணையம், குடியுரிமை தேவைப்படும் உரிமைகளையும் தேவைப்படாதவற்றையும் பிரித்தறிய வேண்டுமேயன்றி, சிறுபான்மையினர் என்ற வரையறைக்குள்ளேயே குடியுரிமையைப் புகுத்தக் கூடாது என்று இக்காலத்தில்தான் விரிவாக எடுத்துரைத்தது.

சாளர முறை எதிர்பார்த்த அளவுக்குச் செயல்படவில்லை. 1995 முதல் 1998 வரையான நான்கு ஆண்டுகளில் சுமார் 11,000 பேரே தேர்வெழுதிக் குடியுரிமை பெற்றனர். 1998 ஜூனில் சைமா சாளரங்களை நீக்கி, 1991 ஆகஸ்ட் 21க்குப் பின் பிறந்த குடிமகனல்லாதவர்களின் குழந்தைகளைப் பெற்றோர் கேட்டால் குடிமக்களாகப் பதிவு செய்யவும் வழி செய்தது. தேசியவாதக் கட்சியினர் அதை எதிர்த்துப் பொதுவாக்கெடுப்பைக் கொண்டுவந்தனர். 1998 அக்டோபர் 3 அன்று நடந்த அந்த வாக்கெடுப்பில் குடிமகனல்லாதவர் எவருக்கும் வாக்கில்லை. குடிமக்கள் மட்டுமே முடிவு செய்ய வேண்டியிருந்தது, அவர்களில் ஏறத்தாழ 53 சதவீதம் பேர் கதவைத் திறந்து விடும்படி வாக்களித்தனர். லாட்விய மக்களின் நல்லெண்ணத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று இந்த வரலாற்றில் இல்லை. அரசியல் கட்சிகளைக் காட்டிலும் மக்கள் முன்னே சென்ற தருணம் அது. அடுத்த ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 12,000 பேர் குடியுரிமை பெற்றனர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004 மே 1 அன்று லாட்வியா இணைந்ததை ஒட்டி எண்ணிக்கை மேலும் ஏறி, 2005இல் சுமார் 19,000 என்ற உச்சத்தைத் தொட்டது. பின் அது வேகமாகச் சரிந்தது. 2007 முதல் ஊதாச் சீட்டுக்காரர்கள் ஒன்றிய நாடுகளுக்கு விசா இன்றிச் செல்ல முடிந்தது. 2008இல் ரஷ்யாவும் அவர்களுக்கு விசாவை நீக்கியது. இரு திசையிலும் பயணம் எளிதானபின், உறவினரைப் பார்க்க ரஷ்யா சென்றுவரும் முதியவருக்குத் தேர்வெழுதும் தூண்டுதல் குறைந்தது. வேறு காரணமும் உண்டு. தாம் பிறந்த நாட்டிலேயே குடியுரிமைக்கு விண்ணப்பம் போடுவதைப் பலர் தன்மானப் பிரச்சினையாகக் கண்டனர்.

பெற்றோர் விண்ணப்பித்தால் மட்டுமே குழந்தை குடிமகனாகும் என்ற ஏற்பாட்டால், சுதந்திர லாட்வியாவிலேயே பிறந்த குழந்தைகளும் குடிமகனல்லாதவர்களாகப் பதிவாயினர். சோவியத் ஆட்சியைக் கண்ணால்கூடக் கண்டிராதவர்களுக்கு அந்த ஆட்சியின் பெயரால் வந்த நிலை மரபுச் சொத்துப் போல இறங்கியது. 2013இல் செய்யப்பட்ட திருத்தம் பெற்றோரில் ஒருவர் கேட்டாலே போதும் என்று தளர்த்தியது. 2017இல் குடியரசுத் தலைவர் ரைமொண்ட்ஸ் வேயோனிஸ் குழந்தைகளுக்கு இயல்பாகவே குடியுரிமை அளிக்கும் மசோதாவை முன்வைத்தபோது சைமா நிராகரித்தது. ஆண்டுக்குச் சில பத்துக் குழந்தைகளே சம்பந்தப்பட்ட விஷயத்தில் அந்தப் பிடிவாதம் புரிந்துகொள்ளக் கடினமானது. அடுத்து வந்த குடியரசுத் தலைவர் எகில்ஸ் லெவிட்ஸ் மீண்டும் முன்வைத்த மசோதா 2019 அக்டோபரில் நிறைவேறியது. 2020 ஜனவரி 1 முதல் பிறக்கும் குழந்தை எதுவும் குடிமகனல்லாதவராகப் பதிவாவதில்லை. அதற்குள் விடுதலைக்குப் பின் இருபத்தெட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. 7 லட்சமாக இருந்த எண்ணிக்கை 2020களின் தொடக்கத்தில் 2 லட்சத்தை ஒட்டிக் குறைந்தது. தேர்வெழுதியவர்களால் மட்டுமன்று, இறந்தவர்களாலும், நாட்டைவிட்டுச் சென்றவர்களாலும், ரஷ்யக் குடியுரிமையை ஏற்றவர்களாலும் குறைந்தது அது.

ரஷ்யக் குடியுரிமை ஏற்றவர்களின் நிலை 2022க்குப் பின் வேறாயிற்று. உக்ரைன் மீது ரஷ்யா முழுப் போர் தொடுத்த அந்த ஆண்டில் லாட்வியா தன் குடிவரவுச் சட்டத்தைத் திருத்தி, நிரந்தர வசிப்புரிமை தொடர வேண்டுமாயின் அவர்கள் லாட்விய மொழியில் அடிப்படைத் தேர்ச்சி காட்ட வேண்டும் என விதித்தது. ஓய்வூதிய வயதைக் கடந்த ஆயிரக்கணக்கானோர் வகுப்புகளில் சேர்ந்து, முதன்முறையாக அந்த மொழியின் இலக்கணப் பயிற்சி செய்தனர். சிறுபான்மையினர் பள்ளிகளில் ரஷ்ய மொழிவழிக் கல்வி 2004 முதலே படிப்படியாகக் குறுக்கப்பட்டுவந்தது. 2023 செப்டம்பரில் தொடங்கி மூன்று ஆண்டுகளில் முழுவதுமாக லாட்விய மொழிக்கு மாற்றும் சட்டமும் வந்தது.

எஸ்தோனியா இதே காலத்தில் வேறொரு பாதையில் சென்றிருந்தது. 1992இல் அதுவும் பழைய குடியரசின் குடியுரிமைச் சட்டத்தை மீட்டு, மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரைச் சாம்பல் நிறக் கடவுச்சீட்டோடு நிறுத்தியது. ஆனால் லாட்வியா என்றும் வழங்காத ஒன்றை அது வழங்கியது: நிரந்தரமாக வாழ்ந்த எவரும், குடிமகனாயினும் அல்லாதவராயினும், உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்க முடிந்தது. ரஷ்ய மொழியினர் மிகுந்த நார்வா போன்ற நகரங்களில், தெருவிளக்கும் பள்ளியும் பேருந்துத் தடமும் பற்றிய முடிவுகளில் அவர்களுக்கும் பங்கிருந்தது. தம்மை ஆள்பவரிடம் கணக்குக் கேட்கும் பழக்கம் அங்கே முப்பது ஆண்டுகளாக வேரூன்றியது. 2025 மார்ச்சில் எஸ்தோனிய நாடாளுமன்றம் அரசமைப்பைத் திருத்தி, ரஷ்ய, பெலாரஸியக் குடிமக்களின் வாக்குரிமையை உடனே நீக்கியது; எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாத சாம்பல் சீட்டுக்காரர்களுக்கு 2025 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலே கடைசித் தேர்தல் என வரையறுத்தது. போர் நடக்கும் காலத்தில் பகை நாட்டின் குடிமக்களுக்கு வாக்கு ஏன் என்ற கேள்விக்கு விடை தேடிய சட்டம், எந்த நாட்டுக்கும் குடிமக்களாக இல்லாதவர்களையும் அதே வரிசையில் சேர்த்துவிட்டது. அந்தத் திருத்தம் எவ்வாறு உருவானது, நார்வா நகர மக்கள் அதை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை அடுத்த பகுதி பேசும்.

(தொடரும்)